காய்ச்சல் என்பது நோயின் பெயர் அல்ல



சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிளைக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். வழக்கமாக முன்வரிசையில் உட்கார்ந்து நாலு கேள்வி கேட்கிற குலை வெட்டும் தோழர் ஒருவரை அன்று காணோம். விசாரித்தேன். "காய்ச்சல் தலைவரே, வீட்ல படுத்திருக்காரு" என்றார்கள். கூட்டம் முடிந்ததும் லயத்துக்குப் போய்ப் பார்த்தேன். மனிதர் சுருண்டு கிடந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. கெண்டைக்காலைத் தொட்டால் அலறினார்.

"எத்தனை நாளா இப்படி இருக்காரு தங்கச்சி?" என்று அவர் மனைவியைக் கேட்டேன்.

"அஞ்சு நாளாச்சு தலைவரே. வேலை அலுப்புன்னு நெனச்சோம். பெனடோல் குடுத்தேன். டவுன்ல கிளினிக்குக்குப் போயி ஊசி போட்டாங்க. அத்தை கோயில்ல மந்திரிச்சு கயிறு கட்டுனாங்க. ஒண்ணும் கேக்கல."

"என்ன காய்ச்சல்னு சொன்னாங்க?"

"காய்ச்சல்னுதான் சொன்னாங்க."

அன்றிரவே காரில் ஏற்றிக்கொண்டு அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். போய்ச் சேரும்போது கண்ணில் மஞ்சள் ஏறத் தொடங்கியிருந்தது. அங்கிருந்த இளம் டாக்டர் நாடியைப் பிடித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்: "என்ன வேலை செய்றாரு?" ஐந்து நாளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். "செம்பனையில குலை வெட்டுறாரு" என்றதும், கையில் கீறல் இருக்கிறதா, காட்டில் எலி உண்டா, பள்ளத்துத் தண்ணீரில் இறங்குவாரா என்று அடுத்தடுத்துக் கேட்டார். இரத்தம் எடுத்தார்கள். வந்தது எலிக்காய்ச்சல். சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, சில வாரம் கிடந்து, அவர் பிழைத்து வந்தார்.

ஆனால் அதே லயத்தில், அதற்கு முந்தின வருஷம், இதே மாதிரி கண் மஞ்சளாகி ஒருவர் இறந்து போயிருந்தார். அவருக்கு என்ன நோய் என்று கேட்டேன். "கெட்ட காத்து அடிச்சிருச்சு" என்றார்கள். உண்மையில் அது என்னவென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அடுத்த ஆளாவது ஐந்து நாள் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார் அல்லவா?

இந்த வாரம் நாம் சிந்திக்க வேண்டியது இதைத்தான். காய்ச்சல் என்பது நோயின் பெயர் அல்ல. அது ஓர் அடையாளம். வீட்டில் புகை வந்தால் புகையை விசிறிவிட்டுப் படுத்துக்கொள்வோமா? அடுப்பா, கூரையா, மின்சாரக் கம்பியா என்று பார்க்க மாட்டோமா? அடுப்புத் தீக்குத் தண்ணீர் ஊற்றலாம். மின்சாரத் தீக்குத் தண்ணீர் ஊற்றினால் ஊற்றியவனே போய்விடுவான். நோயும் அப்படித்தான். காரணம் தெரியாமல் கொடுக்கிற மருந்து சில நேரம் வீண், சில நேரம் விஷம்.

பாட்டன் காலத்துப் பாடம்

நம் பாட்டன்மார்கள் கப்பலேறி வந்து காட்டை அழித்து ரப்பர் நட்ட காலத்தில், அவர்களைக் கொத்துக் கொத்தாய்க் கொன்றது மலேரியா. காட்டுப் பேய் அடித்தது என்றார்கள் நம்மவர்கள். படித்த வெள்ளைக்காரர்களுக்கும் அதற்கு மேல் தெரிந்திருக்கவில்லை. சதுப்பு நிலத்திலிருந்து கிளம்பும் கெட்ட காற்று என்று அவர்களும் நம்பினார்கள். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். 1897ஆம் ஆண்டு இந்தியாவில் செக்கந்தராபாத்தில் ரொனால்ட் ரோஸ் என்ற டாக்டர் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். அப்போதுதான் காரணம் வெளிச்சத்துக்கு வந்தது.

நான்கே ஆண்டில், 1901இல், கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் (இன்றைய போர்ட் கிள்ளான்) டாக்டர் மால்கம் வாட்சன் காட்டை வெட்டிக் கால்வாய் தோண்டித் தண்ணீரை வடியவைத்தார். மலேரியா பெருமளவு குறைந்தது. அதே வைத்தியத்தை மலைப்பாங்கான தோட்டங்களிலும் செய்தார்கள். அங்கே நடந்ததோ தலைகீழ். காட்டை வெட்ட வெட்டக் காய்ச்சல் கூடியது! ஏன்? கரையோரச் சதுப்பில் இருந்த கொசு நிழலை விரும்பும் கொசு. மலையடிவாரத்துக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடும் கொசு. மரத்தை வெட்டி ஓடைக்கு வெயில் காட்டியதே வினையாகிவிட்டது. பிறகுதான் மலைத் தோட்டங்களில் ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் வைத்துக் கொண்டுபோனார்கள். தண்ணீரின் மேல் எண்ணெய் தெளித்தார்கள்.

நோய் ஒன்றுதான், கொசு வேறு, ஆகவே வழியும் வேறு. காரணத்தை முழுதாய் அறியாமல் பாதி அறிந்தால்கூடப் போதாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நோய்களில் பல வகை உண்டு. நம் லயத்து வாழ்க்கைக்குத் தேவையான அளவில் ஐந்தாகப் பிரித்துச் சொல்கிறேன்.

முதல் வகை: கிருமியால் வருவது

கண்ணுக்குத் தெரியாத கிருமி உடம்புக்குள் புகுந்து வரும் நோய் இது. இதில் ‘எந்த வழியாக வந்தது’ என்பதே முக்கியம். காற்று வழி வருவது காசநோய், அம்மை. தண்ணீர், உணவு வழி வருவது டைபாய்டு, காலரா. கொசு வழி வருவது டிங்கி, மலேரியா. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடக்கும்போது தோலைத் துளைத்து ஏறுவது கொக்கிப்புழு. நம் தாய்மார்களையும் குழந்தைகளையும் இரத்தம் வற்றி வெளுக்கச் செய்தது அதுதான். கக்கூசும் காலுக்குச் செருப்பும் வந்த பிறகே அது அடங்கியது.

செம்பனைக்காட்டில் இரண்டைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஒன்று, மேலே சொன்ன எலிக்காய்ச்சல். டாக்டர்கள் லெப்டோஸ்பைரோசிஸ் என்பார்கள், மலாய்க்காரர்கள் கென்சிங் தீக்குஸ் என்பார்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரும் சேறும் கையில் காலில் உள்ள கீறல் வழியாக உள்ளே போகிறது. பழம் தின்ன எலி வருகிற இடம் செம்பனைக்காடு. முள் கீறாத கை அங்கே யாருக்கு இருக்கிறது? இந்த நாட்டில் 2010 முதல் இதைச் சுகாதார இலாகாவுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டும். இன்னொன்று, புதரில் இருக்கும் மிகச் சின்னப் பூச்சி கடித்து வரும் புதர்க்காய்ச்சல். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். இடுப்பு மடிப்பிலோ அக்குளிலோ ஒளிந்திருக்கும். இந்தக் காய்ச்சல் மருந்தால் குணமாகும் என்று 1948இல் கோலாலம்பூரில்தான் நிரூபித்தார்கள். இரண்டு நோயும் நேரத்தோடு மருந்து கொடுத்தால் குணமாகும். தாமதித்தால் உயிரையே குடிக்கும்.

மலேரியா ஒழிந்துவிட்டதே என்பார்கள். மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு பரப்பும் உள்ளூர் மலேரியா 2018 முதல் மலேசியாவில் பதிவாகவில்லை என்பது உண்மைதான். ஆனால் குரங்கிடமிருந்து கொசு வழியாக மனிதனுக்கு வரும் மலேரியா இருக்கிறது. சபா, சரவாக்கில் அதிகம், தீபகற்பத்திலும் உண்டு. அது வேகமாக முற்றும். காட்டோரத் தோட்டத்தில் வேலை செய்கிறவருக்குக் காய்ச்சல் வந்தால் இதையும் நினைக்க வேண்டும்.

டிங்கியோ நம் வாசலிலேயே இருக்கிறது. 2023இல் மட்டும் நாட்டில் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வந்தது. 100 பேர் இறந்தார்கள். இந்தக் கொசு சாக்கடையில் அல்ல, பழைய டயரிலும் பூந்தொட்டித் தட்டிலும் நிற்கும் நல்ல தண்ணீரில் முட்டையிடும். ஒன்றை மறக்க வேண்டாம்: டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்தான நாள். சூடு தணிந்த பிறகு வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், சோர்வு கண்டால் உடனே ஆஸ்பத்திரி. டிங்கி என்று சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளைத் தொடக்கூடாது, இரத்தக்கசிவு கூடும்.

‘ஆன்டிபயோடிக் குடுங்க டாக்டர்’ என்று கேட்டு வாங்குகிற பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அந்த மருந்து எலிக்காய்ச்சலுக்கு உயிர் காக்கும். டிங்கிக்கும் சாதாரணச் சளிக்கும் ஒரு பயனும் இல்லை. ஏனெனில் கிருமியிலும் சாதி வேறு: ஒன்று பாக்டீரியா, மற்றது வைரஸ். காசநோய்க்கோ குறைந்தது ஆறு மாதம் மருந்து. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். ‘இருமல் நின்னு போச்சு’ என்று இரண்டு மாதத்தில் மாத்திரையை நிறுத்தினால், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியை நாமே வளர்த்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் கொடுக்கிறோம்.

இரண்டாம் வகை: குறையால் வருவது

கிருமி எதுவும் இல்லாமல், சாப்பாட்டில் ஒரு சத்து இல்லாததாலேயே வரும் நோய்கள் உண்டு. இதைக் கண்டுபிடிப்பதில் நம்மவர் சோற்றுப் பானைக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அக்காலத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் பெரிபெரி நோயால் மாண்டார்கள். கால் மரத்து, உடம்பு வீங்கி, இதயம் நிற்கும். தமிழர்களுக்கு அது அபூர்வம். ஏன் என்று கேட்டவர் நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன். அவர்கள் தின்றது தீட்டிய வெள்ளையரிசி. நம்மவர் தின்றது புழுங்கலரிசி! பிறகு ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இரண்டு டாக்டர்கள் நெகிரி செம்பிலானில் ரோடு போட வந்த ஜாவானியத் தொழிலாளர்களுக்கு இரண்டு அரிசியையும் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 1909இல் முடிவைச் சொன்னார்கள்: தீட்டும்போது தவிட்டோடு போகிற ஒரு சத்துதான் காரணம். இன்று அதை வைட்டமின் பி1 என்கிறோம். நெல்லைப் புழுக்கும்போது அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது.

இன்று பெரிபெரி அரிது. ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகை நம் பெண்களிடம் இருக்கிறது. வெளிறிய உள்ளிமை, மூச்சு வாங்கல், எப்போதும் அசதி. ‘சோம்பேறி’ என்று மருமகளை ஏசுவதற்கு முன் இரத்தத்தைப் பரிசோதியுங்கள் தாய்மார்களே!

மூன்றாம் வகை: பிறப்போடு வருவது

தாய் தகப்பனின் இரத்தத்தோடு பிள்ளைக்கு வரும் நோய்கள் இவை. தலசீமியா ஒன்று. ஜி6பிடி குறைபாடு மற்றொன்று. இந்நாட்டு ஆஸ்பத்திரிகளில் பிறந்த குழந்தைக்கு இதைப் பரிசோதிக்கிறார்கள். அது உள்ள பிள்ளையின் துணிப்பெட்டியில் பூச்சி உருண்டை போடக்கூடாது. அதன் நெடியே இரத்தத்தை உடைத்துக் கடும் மஞ்சள் காமாலை வரச் செய்யும். இந்த வகையில் யார் மேலும் பழி இல்லை. தாயின் பாவம், தகப்பனின் சாபம் என்று பேசுவது கொடுமை.

நான்காம் வகை: வலியில்லாமல் வளர்வது

இனிப்பு நீர், இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகக் கோளாறு. இவை ஒட்டுவதில்லை, காய்ச்சல் அடிப்பதில்லை, ஆரம்பத்தில் வலிப்பதும் இல்லை. அதனால்தான் ஏமாந்து போகிறோம். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரிலோ 31.4 விழுக்காடு; பத்துப் பேர் நின்றால் மூன்று பேர்! பெரிபெரியிலிருந்து காத்த புழுங்கலரிசி இதிலிருந்து காக்காது. தட்டு நிறையச் சோறு, டின் பால் ஊற்றிய தேத்தண்ணி, உப்புக் கருவாடு, சிகரெட், சாராயம் எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை இது. பாட்டன் அந்தச் சோற்றை வியர்வையாக்கினான். தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோய் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் பேரனும் அதே சோற்றைத் தின்றால் என்னாகும்?

‘எனக்கு ஒண்ணும் செய்யல தலைவரே’ என்று மாத்திரையை நிறுத்தியவர்கள், கால் விரலை எடுத்த பிறகு என்னிடம் சொக்சோ பாரம் நிரப்ப வருகிறார்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி. ஒரு வெள்ளிக்குச் சோதித்துக்கொள்ளத் தயங்கலாமா?

ஐந்தாம் வகை: வேலையால் வருவது

கடைசியாகச் சொன்னாலும் இதுவே நம் சொந்த வகை. மருந்தடிக்கும் பெண்களின் நகம் கருத்து விழுந்ததை, மூக்கில் இரத்தம் வடிந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ‘உடம்பு சூடு’ என்றார்கள். அது சூடு அல்ல, பாராக்குவாட் என்ற களைக்கொல்லி. உள்ளே போனால் நுரையீரலை அழிக்கும். அதற்கு மாற்று மருந்தே கிடையாது. இந்நாட்டில் 2002இல் தடை செய்தார்கள், 2006இல் தடையைத் தளர்த்தினார்கள். முடிவாக 2020 ஜனவரி 1 முதல் தடை அமலுக்கு வந்தது. அந்தப் பதினெட்டு ஆண்டு இழுபறியில் நம் தாய்மார்கள் பட்டது கொஞ்சமா? பாராக்குவாட் போனாலும் மற்ற மருந்துகள் இருக்கின்றன. ஆகவே கையுறை, பூட்ஸ், முகக்கவசம், அடித்து முடித்ததும் குளிக்கத் தண்ணீர் இவை யாரும் போடுகிற பிச்சையல்ல. தொழிலாளி கையாளும் இரசாயனம் இன்னது, அதன் ஆபத்து இன்னது என்று முதலாளி சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது 2000ஆம் ஆண்டு விதிமுறை.

நீண்ட கம்பும் கனத்த குலையும் தூக்கித் தூக்கித் தேய்ந்த முதுகு, உச்சி வெயிலில் மயங்கி விழுவது, இவையும் இந்த வகைதான். 1969ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் வேலையால் வரும் நோய்களின் பட்டியலே இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள நோய்க்கு நஷ்ட ஈடு உண்டு. ஆனால் உங்கள் கார்டில் வெறும் ‘காய்ச்சல்’ என்றும் ‘உடம்பு வலி’ என்றும் எழுதியிருந்தால் எதை வைத்து நான் வாதாடுவது? நோயின் சரியான பெயர் மருந்துக்கு மட்டுமல்ல, உரிமைக்கும் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

முதலில் என்ன நோய், பிறகு அது எதனால் வந்தது, பிறகு எப்படித் தீர்ப்பது. வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் வைத்த வரிசையும் இதுதான். கயிறு கட்ட வேண்டாம், சாமி கும்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஏறுங்கள்.

டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: ‘நான் செம்பனையில வேலை செய்றேன், எலி உண்டு, மருந்து அடிக்கிறேன், காட்டோரத்துல இருக்கேன், இத்தனை நாளா காய்ச்சல்’ என்று. புறப்படும் முன் ‘இது என்ன நோய், எதனால் வந்தது, வீட்டில் மற்றவர்களுக்கு வருமா’ என்ற மூன்று கேள்வியையும் கேளுங்கள். பதிலைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை விட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்காவிட்டால் மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை. கண் மஞ்சள், மூச்சுத்திணறல், சிறுநீர் குறைவு கண்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம்.

‘வேலைக்குப் போகலன்னா பேரு போயிரும்’ என்று காய்ச்சலோடு பெரட்டுக்குப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தீபகற்பத்தில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாளும், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குட்பட்டவருக்கு 18 நாளும், ஐந்தும் அதற்கு மேலும் உள்ளவருக்கு 22 நாளும் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள். அதற்கு டாக்டரின் எம்.சி. வேண்டும், முதலாளிக்கு நேரத்தோடு தெரிவிக்கவும் வேண்டும். பக்கத்து லயத்து இந்தோனேசியத் தோழருக்கும் வங்காளதேசத் தோழருக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்களின் காய்ச்சலைச் சுமந்து வரும் கொசு பாஸ்போர்ட் பார்ப்பதில்லை.

தனி ஆள் செருப்புப் போடலாம், மாத்திரை விழுங்கலாம். ஆனால் அடைத்த கால்வாயை, குப்பை அள்ளாத லயத்தை, எலி பெருத்த காட்டை, குளிக்கத் தண்ணீரில்லாத மருந்துக் கொட்டகையைத் தனி ஆளால் மாற்ற முடியாது. கிள்ளானில் மலேரியாவை அடக்கியது மாத்திரை மட்டுமல்ல, கால்வாய்! அந்தக் கால்வாயைக் கேட்பதற்குத்தான் சங்கம்.

ஆகவே அடுத்த கிளைக் கூட்டத்தில் ஒரு கேள்வியை எழுப்புங்கள். கடந்த ஓராண்டில் நம் தோட்டத்தில் யார் யாருக்குக் காய்ச்சல் வந்தது, அது என்ன காய்ச்சல்? பெயர் தெரிந்தவற்றை ஒரு பக்கமும் தெரியாதவற்றை மறுபக்கமும் எழுதுங்கள். ஒரே லயத்தில், ஒரே வேலையில் பெயர்கள் கூடி நின்றால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நிர்வாகியிடம் போவோம், சுகாதார இலாகாவுக்கும் போவோம். ‘கெட்ட காத்து’ என்று இன்னொரு தோழரை மண்ணில் வைக்கும் நிலை நமக்கு வேண்டாம்.